பாலனுக்கு ஒரு நித்திய இளைப்பாற்றி

ஒடிலி ஜெபமாலை சொல்ல வருகிறாள் என்றால் எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். ஜெபம் முடிந்து சாப்பாடு கண்ணில் படுவதற்குள் உயிர் போய்விடும்.

கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைக் கலைக்கும் முன் பாலன் இயேசுவுக்கு ஜெபம் வைக்காத வீடு எங்கள் நரான்ஹோ ஊரில் கிடையாது. ஜெபமில்லாமல் பாலனைத் தூக்கினால் அந்த வருஷம் விளங்காது. பிப்ரவரி பிறந்ததும் காணிக்கைத் திருநாள் வந்துவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஜனவரி முழுக்கச் சாயங்காலமானால் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபம். ஜெபம் முடிந்ததும் சோளமாவையும் கறியையும் வாழையிலையில் கட்டி வேகவைத்த தமாலே, கோழிச்சோறு, பாலும் முட்டையும் ரம்மும் கலந்த ரொம்போப்பே. ரொம்போப்பேயில் பாவமில்லை. சாமியாரே இரண்டு தம்ளர் குடிப்பார்.

இத்தனை வீட்டுக்கும் ஜெபம் சொல்ல ஒரே ஆள் ஒடிலி. ஒவ்வொரு மந்திரத்திலும் முதல் பாதியை அவள் சொல்வாள். மீதிப் பாதியை நான் ஆரம்பிப்பேன், என் பின்னால் ஊரே ஓடிவரும். நான் நீடியா, அவளுக்கு அடுத்த வீடு. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம்.

யாராவது ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், ஒடிலியின் வலது கை டிராபிக் போலீஸ் கை மாதிரி மேலே போகும். "மறுபடியும்" என்பாள். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து கட்டு, தப்பு நடந்த அந்தப் பத்துமணி முழுவதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கொட்டாவி விட்டால் மறுபடியும். செல்போன் அடித்தால் மறுபடியும். ஒருமுறை எங்கள் தெருச் சினியாவின் கைக்குழந்தை இருமியது, அதற்கும் மறுபடியும். உள்ளே தமாலே ஆறும், சுடவைப்பார்கள், திரும்பவும் ஆறும்.

ஏன் பொறுத்துக்கொண்டோம் என்று கேட்பீர்கள். மழையோ சேறோ, கூப்பிட்ட வீட்டுக்கு ஒடிலி வராமல் இருந்ததில்லை. எங்கள் எல்லோர் வீட்டுச் சாவுக்கும் ஒன்பது நாள் ஜெபத்தை அவள்தான் சொன்னாள். காசு வாங்கமாட்டாள், ஒரு பொட்டலம் தமாலே கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். புருஷன் செத்துப்போய்விட்டான், பிள்ளை குட்டி இல்லை, சாயங்காலமானால் முக்காட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவதுதான் அவள் வாழ்க்கை. எங்களை வாட்டியதைப்போல இரண்டு பங்கு தன்னை வாட்டிக்கொள்வாள். "கடவுளுக்குக் குடுக்கறத ஓட்ட ஒடசலாவா குடுக்கறது?" என்று கேட்பாள். நியாயம்தானே என்று நாங்களும் வாயை மூடிக்கொள்வோம்.

இந்த வருஷம் ஜனவரி நடுவில் பேக்கரிக்காரரின் அம்மா தவறிவிட்டார். அதனால் ஒடிலிக்குப் பிற்பகலில் சாவு வீட்டு ஜெபம், சாயங்காலம் பாலன் ஜெபம். அந்த வாரம் ஒருநாள் டான் எவெலியோ வீட்டில் பாலனுக்கு ஜெபம். டான் என்பது பெரியவர் என்ற மரியாதைக்கு; எவெலியோ சினியாவின் அப்பா. காது சுத்தமாகக் கேட்காது. ஆனாலும் எல்லா ஜெபத்திலும் முதல் வரிசை நாற்காலி அவருக்குத்தான்.

ஐந்து பத்துமணியும் முடிந்தது. மாதாவின் மன்றாட்டு மாலை முடிந்தது. கடைசி வேண்டுதலுக்கு ஒடிலி குடிலைப் பார்த்துத் தலைகுனிந்தாள். பாசிமேல் வைக்கோல், வைக்கோல்மேல் பாலன் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவரைப் பார்த்து, மணியடித்த மாதிரி கணீரென்று சொன்னாள்.

"ஆண்டவரே, இவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்."

"முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று நான் ஆரம்பித்தேன், ஊரே சேர்ந்து முடித்தது. உடனே கிடார்காரர்கள் தாலாட்டை எடுத்தார்கள், வாசலில் வேட்டு வெடித்தது. பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பிள்ளையை, செத்தவர்களுக்குச் சொல்லும் வேண்டுதலைச் சொல்லி எல்லோருமாகச் சேர்ந்து அடக்கம் பண்ணிவிட்டோம்.

ஒடிலியின் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கே உறைத்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போய் நின்றாள். எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது, சால்வையைக் கடித்துக்கொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சினியா தட்டுகளோடு வந்தாள், அவ்வளவுதான், தமாலே ஆறுவதற்குள் பிரிப்பதிலேயே எல்லோருக்கும் கவனம். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தேடினால் ஒடிலியைக் காணவில்லை. சாப்பிடாமலே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வேலியோரம் நின்று அவளைத் தேற்றினேன். யாருமே கவனிக்கவில்லை, விட்டுத்தள்ளு என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

"யாருமே கவனிக்கலியா?" என்றாள்.

"ஒருத்தரும் இல்ல. பாலன் மேல சத்தியமா."

"அப்போ இத்தன வருஷமா நான் சொன்னத யாருமே கேக்கலியா, நீடியா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தமாலேயை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

பிறகு அவள் செய்தது இருக்கிறதே, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அன்றைக்கே முக்காட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, அந்த ஜெபத்துக்கு வந்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு மன்னிப்பு என்று அவர்களுக்குப் புரியவில்லை. இவள் உட்காரவைத்து, தான் சொன்னதையும் அவர்கள் பதில் சொன்னதையும் விளக்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் காபி கொடுத்து, பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். கதவைச் சாத்தியதும் உள்ளே கேட்ட சிரிப்பு அடுத்த வீட்டுக்காரர்களை வெளியே வரவைத்தது. மத்தியானத்துக்குள் விஷயம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். உள்ளே ஃபாதர் கமாலியேல் சத்தம் வராமல் சிரித்ததில் பாவசங்கீர்த்தனக் கூண்டே ஆடியதை வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் சுடச்சுட ஒரு தமாலே சாப்பிடம்மா, அதுதான் உனக்கு அபராதம் என்றாராம். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். இவள் தன்னைக் கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். கறிக்கடைக்காரன் வேறு விஷயமே தெரியாதவன் மாதிரி கேட்டான்: "ஒடிலியம்மா, பாலனுக்கு ஒன்பதாம் நாள் என்னிக்கு? பன்னி ஒண்ணு போதுமா, ரெண்டு வெட்டணுமா?"

அன்றோடு ஜெபம் சொல்வதை நிறுத்திவிட்டாள். யார் வந்து கூப்பிட்டாலும் கதவுச் சந்து வழியாக, இனிமேல் நான் வரமாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

நாங்கள் என்ன செய்வது? பேக்கரிக்காரர் வீட்டில் செல்போனை ஒலிபெருக்கியில் மாட்டி ஜெபமாலை போட்டார்கள். எங்கேயோ ஸ்பெயின் தேசத்தில் ஒரு கன்னியாஸ்திரி சொன்னது. அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. நாங்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று வாயைத் திறக்கும்போது அவள் அடுத்த மந்திரத்தில் பாதி தூரம் போயிருந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டுப் பின்னாலேயே ஓடுகிற மாதிரி மூச்சிரைக்க ஓடினோம். சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுப்பில் தமாலே இன்னும் வேகக்கூட இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நாங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். யாரோ மூலையில் மெதுவாக "மறுபடியும்" என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் ஒருநாள் காலை வெகுநேரம் ஆகியும் ஒடிலியின் கோழிகள் கூட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. பின்கதவு வழியாகப் போனேன். சமையல் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். காபி மேல் ஆடை படிந்திருந்தது. தலைகூட வாரவில்லை. ஒடிலி தலைவாராமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள்.

"என்னால ஜெபம் பண்ண முடியல, நீடியா."

"வெளிய சொல்ல வேணாம். வீட்ல ஒனக்காக சொல்லிக்கயேன்."

"அதத்தான் சொல்றேன். ஆரம்பிக்கிறேன். அஞ்சாவது மணில ஒரு வார்த்த விட்டுட்டேனோன்னு தோணுது. திரும்ப மொதல்லேந்து வரேன். இப்ப மூணாவதுலயே தோணுது. விடிஞ்சிடுது, ஒரு பத்துமணி முடியல. இப்பெல்லாம் மாலையத் தொடறதே இல்ல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் போயிடிச்சு."

சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புருஷன் போனபோதும் இவள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவள். இப்போது அதுவே கையில் நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் சுபாவம்.

"ஏன்டி, ஒருத்தர் வீட்டுக் கதவத் தட்டற. அவர் எழுந்து வந்து தொறக்கறதுக்குள்ள, சரியாத் தட்டலன்னு தெருக்கோடிக்கு ஓடிப்போற. திரும்ப வந்து தட்டற. திரும்ப ஓடற. பாவம், அந்த மனுஷன் எத்தன தடவதான் எழுந்து வருவாரு?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். அவளுடைய ஆறிப்போன காபியை நானே குடித்தேன், என்ன செய்வது என்று தெரியவில்லை.

போகும்போது கூடத்தில் அவள் வீட்டுக் குடிலைப் பார்த்தேன். பாசி மஞ்சளாகக் காய்ந்துவிட்டது. பாலன்மேல் தூசி. ஊருக்கெல்லாம் ஜெபம் சொன்னவள் வீட்டில் பாலனுக்கு ஜெபம் சொல்ல ஆளில்லை. திருநாள் வரப்போகிறதே என்றேன். கிடக்கட்டும் என்றாள், நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைத் தூக்குவேன் என்றாள்.

காணிக்கைத் திருநாள் அன்று சாயங்காலம் தெருவையே கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் பூட்டிக்கொள்வாள். சினியா பானையோடு தமாலே கொண்டுவந்தாள். கிடார்காரர்கள், பேக்கரிக்காரர், கறிக்கடைக்காரன், தடியை ஊன்றிக்கொண்டு டான் எவெலியோ, எல்லோரும் வந்தார்கள். கதவைத் திறந்த ஒடிலி வீட்டு அங்கியோடு, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு நின்றாள். வீடு பெருக்கவில்லை என்றாள். வீட்டைப் பார்க்க வரவில்லை என்று சொல்லி நான் உள்ளே நுழைந்துவிட்டேன். பின்னால் எல்லோரும் நுழைந்தார்கள். டான் எவெலியோ வழக்கம்போல முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒடிலி சுவரோரம் போய் நின்றாள்.

ஜெபத்தை நான் சொன்னேன். சொன்னேன் என்றால் பாலன் மன்னிக்க வேண்டும். பாதியிலிருந்து ஆரம்பித்தே பழகியவளுக்கு முதல் பாதி வரவில்லை. பத்துமணிக்கு ஒன்றாகச் சொல்லும் இயேசுவின் வாழ்க்கைத் தேவரகசியங்களில், பாலன் பிறந்ததற்கு அடுத்ததாக அவரை நேராகச் சிலுவையில் அறைந்துவிட்டேன், கோயிலில் ஒப்புக்கொடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. கறிக்கடைக்காரனின் நாய் உள்ளே வந்து வைக்கோலை மோந்து பார்த்தது. டான் எவெலியோவுக்குக் காது கேட்காததால், நான் எப்போது நிறுத்துகிறேன் என்று வாயைப் பார்த்து, நிறுத்தியதும் கத்தினார். நான் மூச்சு வாங்க நிறுத்தினாலும் கத்தினார். நடுவே நான் ஒடிலியையும் பார்த்துக்கொண்டேன். அவள் வலது கை தானாக மேலே எழும்பும், இடது கையால் அதைப் பிடித்து இறக்குவாள். மறுபடி எழும்பும், மறுபடி இறக்குவாள்.

மன்றாட்டு மாலைக்கு வந்தோம். நான் மாதாவை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஊர் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டும். ஞானத்துக்கு இருப்பிடமே, தாவீது ராஜாவின் கோபுரமே என்று எப்படியோ ஏறி, விடியற்காலத்தின் நட்சத்திரமே என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மண்டைக்குள் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் திரும்பி ஒடிலியைப் பார்த்தோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு அடுத்த வரி தெரியும்.

அவள் சுவரைவிட்டு வந்து குடில்முன் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு பாலனிடம் சொன்னாள். வாழ்நாள் முழுக்க "நீர்", "உமது" என்றே அவரிடம் பேசியவள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"எனக்கும் அடுத்தது வரல, பாலா."

சொல்லி நிறுத்தினாள். நிறுத்தினால் போதாதா டான் எவெலியோவுக்கு?

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று கத்தினார்.

பழக்கதோஷம். என்ன ஏது என்று யோசிக்காமல் நாங்கள் எல்லோரும் அவர் பின்னால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுவிட்டோம். ஒடிலி திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் வாயோரம் லேசாக இழுத்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குடிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா ஒங்கிட்ட நான் பேசல."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"இருமின கொழந்தய மொறச்சேன்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம். சினியாவின் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

"நல்லா சொல்றேன்னு இவங்க நெனைக்கணும்னுதான் பாதி நாள் சொன்னேன்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இப்போது யாரும் சமையலறைப் பக்கம் பார்க்கவில்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்க வேண்டியிருந்தது. அவள் பாலனின் காலருகில் இருந்த வைக்கோலைச் சரி செய்தாள். சரி செய்துகொண்டே சொன்னாள்.

"எம் புருஷன் போறப்ப நான் கையப் புடிச்சுக்கல. ஜெபம் தப்பில்லாம வரணும்னு கண்ண மூடிட்டு ஒக்காந்திருந்தேன். முடிச்சுட்டு கண்ணத் தொறந்தேன். அவர் போயிருந்தாரு."

டான் எவெலியோ மட்டும், அவள் நிறுத்தியதைப் பார்த்து, அதே பலத்த குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார். பிறகு நாங்களும் சொன்னோம், மெதுவாக. அந்த மனுஷன் போன அன்று அந்த அறையில் நானும் இருந்தேன். அவள் பக்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதான், பாலா. இப்பிடித்தான் இருக்கேன். ஆமென்" என்றாள்.

குனிந்து பாலனைத் தூக்கினாள். அங்கி நுனியால் தூசியைத் துடைத்தாள். முதலில் தான் முத்தமிட்டுவிட்டு ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனாள். கறிக்கடைக்காரன் குனிந்து முத்தமிட்டு, அவள் கையையும் முத்தமிட்டான். கிடார்காரர்கள் தாலாட்டை எடுத்தார்கள், சுருதி சேரவில்லை, யாரும் கவலைப்படவில்லை. டான் எவெலியோ மகளைப் பார்த்து, இன்றைக்கு மன்றாட்டு ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று கத்தினார்.

நானும் ஒடிலியும் தட்டெடுக்கச் சமையலறைக்குப் போனோம். அவள் ஒரு தமாலேயை நின்றபடியே பிரித்து, சூடு ஊதி, ஒரு பெரிய வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"நீ நாலு பத்துமணிதான் சொன்ன."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விரலைவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஆமாம், நாலுதான். ஒரு பத்துமணியை முழுசாக முழுங்கியிருந்தேன்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? ஏன்டி அப்பவே சொல்லல?"

ஒடிலி இன்னொரு வாய் எடுத்தாள்.

"பாலனும் எண்ணிக்கிட்டுதான இருந்திருப்பாரு. அவரே ஒண்ணும் சொல்லல."